போவதற்கு பஸ் உண்டு, திரும்பி வருவதற்கு?

வணக்கம். பேருந்துத் தடங்களுக்கு நேரமும் நிறுத்தமும் வகுக்கும் வேலையில் பல காலம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பொதுப் போக்குவரத்தை மக்கள் விரும்பி ஏறும்படி மாற்ற முடியுமா, நம் ஊர் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் அதெல்லாம் நடக்குமா என்று பலர் கேட்டீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஐந்தாம் படிவ மாணவர்): அக்கா, எங்கள் வகுப்புப் பையன்கள் எல்லாரும் 16 வயதானதும் மோட்டார் லைசன்ஸ் எடுக்கத்தான் ஓடுகிறார்கள். புது ஏர்கோன் பஸ் விட்டால் மாறுவார்களா?

பதில்: பஸ் புதிதா பழையதா என்பதை ஏறிய பிறகுதான் பார்ப்பீர்கள், தம்பி. அதற்கு முன்னால் நின்று காத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்குள் உட்கார்ந்து போகும் ஒரு நிமிடத்தைவிட, நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரமாகத் தெரியும் என்று வைத்துத்தான் திட்டமிடுபவர்கள் கணக்குப் போடுவார்கள். எப்போது வரும் என்றே தெரியாமல் நிற்பது அதைவிடக் கொடுமை.

கோலாலம்பூர் மாதிரி ஊரில் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி விட்டால் யாரும் நேரம் பார்க்க மாட்டார்கள், நேராக வந்து ஏறுவார்கள். நம் ஊரில் அவ்வளவு வண்டிக்கு ஆள் இல்லை. அதனால் வேறு வழி பார்க்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் அதே நிமிடத்தில் பஸ் வரட்டும்: 7.10, 8.10, 9.10 என்று இரவு வரை. ஒரு தடவை கேட்டால் மறக்காது. சுவிட்சர்லாந்து 1982இல் நாடு முழுக்க ரயில்களை இப்படித்தான் ஓட்டத் தொடங்கியது. மலைக் கிராமத்துக்குப் போகும் பஸ்கூட ரயில் வந்து சேரும் நிமிடத்தை ஒட்டியே கிளம்பும்.

அப்புறம், மோட்டாரில் உங்கள் நண்பர்களுக்குப் பிடிப்பது வேகம் மட்டுமல்ல. டியூஷன் ஒன்பது மணிக்கு முடிந்தாலும் வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற தைரியம் அதில் இருக்கிறது. கடைசி பஸ் ஏழு மணிக்கே போய்விட்டால், அவன் காலையிலும் பஸ்ஸை நம்ப மாட்டான். கடைசி வண்டியை 9.30க்குத் தள்ளினால் அதில் பத்துப் பேர்கூட ஏறாமல் போகலாம், ஆனால் மாலை ஐந்து மணி வண்டியில் கூட்டம் கூடும். ஒன்றைத் தவறவிட்டாலும் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்ற தெம்புதான் காரணம். கடைசி வண்டியில் ஆள் இல்லை என்று அதை வெட்டுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. வெட்டிய ஆறு மாதத்தில் அதற்கு முந்தைய வண்டியிலும் ஆள் குறையும். பிறகு அதையும் வெட்டுவார்கள்.

கேள்வி (68 வயது அம்மா): பஸ் எங்கே வருகிறது என்று ஆப்பில் பார்க்கலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன். நான் என்ன செய்ய?

பதில்: நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா, செய்ய வேண்டியது பஸ் நடத்துகிறவர்கள். நிறுத்தத்துக் கம்பத்தில் ஒரு அட்டை இருக்க வேண்டும். அதில் முதல் நிறுத்தத்து நேரத்தைப் போட்டால் போதாது, நீங்கள் நிற்கும் இந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று போட வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். மலாயோடு தமிழும் சீனமும் இருந்தால் நல்லது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு தொலைபேசி எண், கூப்பிட்டால் மனிதர் எடுக்கும் எண். திரும்பி வரும் வண்டியின் நேரமும் அதே அட்டையில் வேண்டும். கிளினிக்குக்குப் போகிறவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே யோசிப்பது அதைத்தான்.

ஆப் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2005இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் பேருந்துக் கழகமும் கூகுளும் சேர்ந்து பஸ் நேரங்களை ஒரே வடிவத்தில் எழுதும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஜிடிஎஃப்எஸ் என்பார்கள். இன்று கூகுள் மேப்பில் பஸ் நேரம் தெரிவதெல்லாம் அந்த வழியில் வந்ததுதான். நம் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்திலும் கேடிஎம் ரயில்கள், ரெப்பிட் கேஎல் நடத்தும் பிரசரானா நிறுவனத்தின் வண்டிகள் ஆகியவற்றின் தகவல் அந்த வடிவில் கிடைக்கிறது. யாரும் எடுத்து ஆப் செய்யலாம். ஆனால் எந்தத் தடத்தின் தகவலை யாரும் உள்ளே போடவில்லையோ, அந்தத் தடம் மேப்பைப் பொறுத்தவரை இல்லாத தடம். சின்ன ஊர்த் தடங்கள் பல அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகின்றன.

கேள்வி (முன்னாள் தோட்டத் தொழிலாளி): எங்கள் காலத்தில் தோட்டத்தில் பஸ் அவ்வளவு தேவைப்படவில்லை. இப்போது எதற்கெடுத்தாலும் டவுனுக்குப் போக வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் வரும் வேன் என்கிறார்களே, அது தோட்டத்துக்குச் சரிப்படுமா?

பதில்: ஐயா, நீங்கள் சொன்ன முதல் பாதியே பெரிய விஷயம். அன்று லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பக்கத்திலேயே மருந்து கொடுக்கும் டிரஸர் இருந்தார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை இருந்தது, தமிழ்ப்பள்ளி இருந்தது, கடையில் பற்று எழுதிச் சாமான் வாங்கலாம். தோட்டங்கள் கைமாறி, துண்டாகி, ஆள் குறையக் குறைய அதெல்லாம் ஒவ்வொன்றாகப் பட்டணத்துக்குப் போய்விட்டன. ஆட்கள் மட்டும் பலர் அங்கேயே இருக்கிறார்கள். சேவை எல்லாம் இடம் மாறிய பிறகும் பஸ் பழைய ரோட்டிலேயே ஓடுகிறது.

கூப்பிட்டால் வரும் வேன் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்கனவே ஓடுகிறது. ரெப்பிட் கேஎல் ஓன்-டிமாண்ட் என்ற பெயரில் எம்ஆர்டி, எல்ஆர்டி நகர ரயில் நிலையங்களிலிருந்து தாமான்களுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிகளுக்குப் போகிறது. ஆப்பில் பதிவு செய்தால், ஒரே பக்கம் போகிறவர்களைச் சேர்த்து ஏற்றிக்கொள்ளும். ஆள் சிதறி இருக்கும் இடத்துக்கு இது நல்லது, பெரிய பஸ் காலியாக ஓடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய பஸ்ஸில் ஆள் கூடக் கூட ஓர் ஆளுக்கு ஆகும் செலவு குறையும். வேனில் அப்படிக் குறையாது. ஆள் கூடினால் இன்னொரு வேன், இன்னொரு டிரைவர் வேண்டும். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் குட்ஸுபிளஸ் என்று இதே மாதிரி ஒரு சேவை 2012இல் வந்தது. ஏறியவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. செலவு தாங்காமல் 2015 கடைசியில் நிறுத்திவிட்டார்கள்.

தோட்டத்துக்கு நான் சொல்வது பாதிக்குப் பாதி. டவுனிலிருந்து வேன் கிளம்பும் நேரம் நிலையாக இருக்கட்டும், யாரும் பதிவு செய்யத் தேவையில்லை. தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு, இருக்கிறவர்கள் எந்த லயத்தில் இறங்க வேண்டுமோ அங்கே இறக்கிவிடட்டும். காலையில் ஏற்றும்போது மட்டும் முதல் நாள் போனில் சொல்லி வைத்தால் போதும். ஆப் இல்லாதவர்களுக்கும் சரிப்படும். ஜெர்மனியில் கிராமப்புறங்களில் போன் செய்து வரவழைக்கும் பஸ்கள் பல காலமாகவே ஓடுகின்றன, இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை.

இன்னொன்றையும் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் ரோடு நிர்வாகத்தின் சொந்த ரோடு. கேட்டைத் திறந்துவிட மேனேஜரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்த வேனும் உள்ளே வராது. பல நல்ல திட்டங்கள் அந்த கேட்டிலேயே நின்றுவிடுகின்றன.

கேள்வி (சாப்பாட்டுக் கடை நடத்துபவர்): சிலாங்கூரில் மாதிரி இலவசமாக விட்டுவிட்டால் எல்லாரும் ஏற மாட்டார்களா?

பதில்: எல்லாரும் ஏற மாட்டார்கள், ஆனால் ஏற வேண்டிய சிலர் ஏறுவார்கள். சிலாங்கூரில் 2015இல் இலவச பஸ் தொடங்கினார்கள், இப்போது ஸ்மார்ட் சிலாங்கூர் என்று ஓடுகிறது. எஸ்டோனியாவின் தாலின் நகரம் 2013இல் அங்கே பதிவு செய்து வசிப்பவர்களுக்கு இலவசமாக்கியது. லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 முதல் நாடு முழுக்கவே கட்டணத்தை எடுத்துவிட்டது. தாலினில் பார்த்தது என்னவென்றால், புதிதாக ஏறியவர்களில் நிறையப் பேர் அதற்கு முன் நடந்து போனவர்கள். கார் வைத்திருந்தவர்கள் அவ்வளவாக அசையவில்லை. காரில் போகிறவருக்குக் கணக்கு இரண்டு ரிங்கிட் டிக்கெட்டில் இல்லை, அரை மணி நேரக் காத்திருப்பில் இருக்கிறது.

அதற்காக இலவசம் வீண் என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகிறார்கள். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் பெண் யாரிடமும் பஸ் காசு கேட்காமல் கிளம்ப முடிகிறது என்றால், அதன் மதிப்பை டிக்கெட் விலையில் அளக்க முடியாது. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் நான் முதலில் வண்டி எண்ணிக்கையைக் கூட்டுவேன். அடுத்தது மாதப் பாஸ். ரெப்பிட் கேஎல்லில் மலேசியக் குடிமக்களுக்கு 50 ரிங்கிட்டில் 30 நாளும் ரயிலும் பஸ்ஸும் ஏற ஒரு பாஸ் இருக்கிறதே, அந்த மாதிரி. வியன்னா நகரம் 2012இல் வருடப் பாஸை 365 யூரோவுக்குக் கொண்டுவந்தது, ஒரு நாளைக்கு ஒரு யூரோ. பாஸ் கையில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் காசை யோசிக்க மாட்டோம். டிக்கெட்டை எண்ணிப் பார்க்கும் குடும்பம் வாரத்துக்கு ஒரு தடவை கூடுதலாகக் கிளம்பும், அம்மாவைப் பார்க்க, கோயிலுக்கு, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்கு.

கேள்வி (தந்தையைப் பார்த்துக்கொள்ளும் மகள்): அப்பாவுக்கு மூட்டு வலி. பஸ் படி ஏற முடியவில்லை என்று ஒவ்வொரு தடவையும் கிராப் எடுக்கிறோம். தாழ்தள பஸ் வந்தால் போதுமா?

பதில்: போதாது, தங்கச்சி. நிறுத்தத்தைப் போய்ப் பாருங்கள். நம் சாலையோரங்களில் மழைநீர்க் கால்வாய் ஆழமாக ஓடும். நிழற்குடையைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கட்டியிருப்பார்கள், பஸ் நிற்பது இந்தப் பக்கம். நடுவில் ஒரு சிமெண்டுப் பலகை, ஒரு முனை உடைந்து கம்பி தெரியும். மழை பெய்தால் அதன் மேல் பாசி. உங்கள் அப்பா பஸ்ஸின் படிக்கு வருவதற்கு முன்பே இந்தப் பலகையில் பயந்து நின்றுவிடுவார். நிழற்குடை பெஞ்சும் பல இடங்களில் ரொம்பத் தாழ்வு, கைப்பிடி இல்லை. உட்கார்ந்தவர் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும்.

அதையெல்லாம் தாண்டி தாழ்தள பஸ் வந்து நின்றால், டிரைவர் மேடையை ஒட்டி நிறுத்த வேண்டும். அரை மீட்டர் தள்ளி நிறுத்தினால் தாழ்தளத்தின் பலன் போய்விடும். ரோட்டில் இறங்கி, அங்கிருந்து காலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். டிரைவர்கள் தள்ளி நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. நிறுத்தத்தில் யாரோ காரை நிறுத்திவிட்டு நாசி லெமாக் வாங்கிக்கொண்டிருப்பார்.

பிரேசிலின் குரிட்டிபா நகரம் 1991இல் இதை வேரிலிருந்து யோசித்தது. கட்டடக் கலைஞரான ஜெய்மி லெர்னர் அப்போது மேயர். குழாய் மாதிரிக் கண்ணாடி நிறுத்தங்கள் கட்டினார்கள். உள்ளே நுழையும்போதே காசு கட்டிவிட வேண்டும், மேடை பஸ்ஸின் தளத்துக்கு நேர் உயரம், கதவு திறந்தால் நேராக நடந்து உள்ளே போகலாம். முதியவர், தள்ளுவண்டிக் குழந்தை, சக்கர நாற்காலி எல்லாருக்கும் அதே வழிதான். வண்டி நிற்கும் நேரமும் குறைந்தது. நம் நாட்டிலும் 2015இல் வந்த, தனிப் பாதையில் ஓடும் சன்வே பிஆர்டி பஸ் சேவையில் மேடையும் பஸ்ஸும் ஒரே மட்டம். சின்ன ஊருக்கு அவ்வளவு பெரிய கட்டடம் வேண்டாம். ஆஸ்பத்திரி, கிளினிக், மார்க்கெட், பஸ் நிலையம் என்று நாலைந்து இடத்தில் மேடையை உயர்த்தி, கால்வாயை அகலமாக மூடி, கைப்பிடி வைத்தாலே மாற்றம் தெரியும். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008 பொதுப் போக்குவரத்தை அவர்களும் பயன்படுத்தும் உரிமையைச் சொல்கிறது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிடுங்கள். உடைந்த பலகையின் படத்தையும் இணையுங்கள்.

கேள்வி (தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்): இரவு ஷிஃப்ட் முடிந்து 11 மணிக்கு வருகிறேன். மெயின் ரோட்டில் இறங்கி வீட்டுக்கு நடக்கவே பயம்.

பதில்: உங்கள் பயம் நியாயமானது, அதை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. கனடாவின் மொன்ட்ரியால் நகரத்தில் 1996 முதல் ஒரு வழக்கம் இருக்கிறது. இரவில் தனியாக வரும் பெண், இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில் தன் சந்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடச் சொல்லலாம். டிரைவர் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவார். புது வண்டி, புது கருவி எதுவும் வாங்க வேண்டாம், டிரைவருக்கு ஓர் உத்தரவு போதும். எனக்குத் தெரிந்த மாற்றங்களில் செலவே இல்லாமல் இவ்வளவு பலன் தருவது வேறில்லை. உங்களை ஏற்றிவருவது கம்பெனி பஸ் என்றால், மனிதவளப் பிரிவிடம் நாளைக்கே கேட்கலாம்.

நிறுத்தம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். விளக்கு மட்டும் போட்டால் போதாது, யாராவது பார்க்கும் இடமாக இருக்க வேண்டும். இரவெல்லாம் திறந்திருக்கும் மாமாக் கடை எதிரே இருக்கும் நிறுத்தம், விளக்கு பளிச்சென்று எரியும் ஆளில்லா நிறுத்தத்தைவிடப் பாதுகாப்பு. வண்டிக்குள் தொல்லை நடந்தால் பேசாமல் இருக்காதீர்கள். கேடிஎம் கொமுட்டர் ரயிலில் 2010 முதல் பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது, 2022இல் பாலியல் தொல்லைக்கு எதிராகத் தனிச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது.

கேள்வி (பஸ் டிரைவர்): எல்லாரும் எங்களைத்தான் திட்டுகிறார்கள். தாமதம் எங்கள் தப்பா?

பதில்: பெரும்பாலும் இல்லை, அண்ணே. பழைய முறையில் டிக்கெட் வசூல்தான் கம்பெனியின் வருமானம். அதனால் ஆள் நிறையும் வரை நிலையத்தில் நிற்பது, அப்புறம் முன்னால் போகும் வண்டியை முந்தி ஆள் பிடிக்க ஓடுவது. பயணிக்கு இரண்டுமே கேடு. அரசாங்கம் சிரம்பான், கங்கார், ஈப்போ, கோலத் திரங்கானு போன்ற ஊர்களில் மைபாஸ் என்ற பெயரில் கொண்டுவந்த திட்டத்தில், ஓடிய கிலோமீட்டருக்குக் கம்பெனிக்குப் பணம் கொடுக்கிறார்கள். ஆள் பத்தோ நாற்பதோ, வண்டி நேரத்துக்குக் கிளம்பினால் போதும். நீங்கள் நிம்மதியாக ஓட்டலாம்.

நேர அட்டவணை போடும்போது டிரைவரைக் கூப்பிட்டு உட்கார வைக்காத இடத்தில் அந்த அட்டவணை தப்பாகத்தான் இருக்கும். பள்ளி விடும் நேரத்தில் எந்தச் சந்திப்பில் எவ்வளவு நேரம் மாட்டிக்கொள்வீர்கள் என்பது அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கடைசி நிறுத்தத்தில் கழிப்பறை, தண்ணீர், பத்து நிமிட ஓய்வு, இது மூன்றும் அட்டவணையிலேயே இருக்க வேண்டும். அது இல்லாமல் டிரைவரிடம் புன்னகையை மட்டும் எதிர்பார்ப்பது அநியாயம்.

கேள்வி (ஈப்போவில் படிக்கும் மாணவி): நம் ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் இறங்கினால் வீட்டுக்கு வர வழியில்லை.

பதில்: ரயில் வரும் நேரத்துக்கு ஒரு வேன் நிலையத்தில் நிற்க வேண்டும், ரயில் தாமதமானால் வேனும் காத்திருக்க வேண்டும். அது வரும் வரைக்கும் கூரை போட்ட மோட்டார் நிறுத்துமிடமும், பூட்டி வைக்கும்படி சைக்கிள் கம்பிகளும் கேளுங்கள். சின்னக் கோரிக்கை, சீக்கிரம் நடக்கும்.

கேள்வி (குடியிருப்பாளர் சங்கச் செயலாளர்): சரி, நாங்கள் எங்கிருந்து தொடங்குவது? மக்களிடம் கருத்துக் கணிப்பு எடுக்கலாமா?

பதில்: எடுங்கள், ஆனால் 'பஸ் வேண்டுமா?' என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாரும் வேண்டும் என்பார்கள், அதை வைத்து ஒரு தடமும் வரைய முடியாது. போன வாரம் எங்கே போனீர்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எப்படித் திரும்பி வந்தீர்கள், எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். அடுத்ததாக, போக நினைத்து எங்கே போகாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் புதுத் தடம் இருக்கும். பல்வலியோடு ஒரு வாரம் வீட்டில் இருந்த பாட்டி, போக்குவரத்து இல்லாமல் தையல் வகுப்பை விட்ட பெண், இவர்களை எந்த பஸ்ஸில் தலை எண்ணினாலும் கண்டுபிடிக்க முடியாது. பஸ்ஸில் ஏறியவர்களிடம் மட்டும் கேட்டால் ஏற முடியாதவர்களின் கதை வராது. அதனால் கிளினிக் வரிசையில் கேளுங்கள், தமிழ்ப்பள்ளி வாசலில் கேளுங்கள், மார்க்கெட்டில் கேளுங்கள். படிவத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

பதில்களை ஒரு வரைபடத்தில் குறித்தால், எந்த நேரத்தில் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று தெரிந்துவிடும். அதோடு கவுன்சிலரையும் சட்டமன்ற உறுப்பினரையும் பாருங்கள். தடத்துக்கு உரிமம் தருவது அபாட், அதாவது தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம். அவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும். ஆறு மாதச் சோதனை ஓட்டம் கேளுங்கள், அதற்குக் குறைவாக ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு மாதத்தில் ஆள் சேராது, மக்கள் நம்பி மோட்டாரை வீட்டில் வைக்க நாளாகும். சோதனை நடக்கும்போது நேரத்தை மாற்றாதீர்கள்.

கேள்வி (அதே செயலாளர்): நிறுத்தத்தில் நாங்களே நேர அட்டை ஒட்டலாமா?

பதில்: நம் ஊர் நிழற்குடைகளுக்குக் கோலகங்சார் நகராண்மைக் கழகத்திடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பஸ் கம்பெனியிடம் நேரத்தை எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பி அச்சடிக்க வேண்டாம். லேமினேட் செய்து, வெயில் நேராகப் படாத பக்கம், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒட்டுங்கள். ஒட்டிய தேதியையும் ஓரத்தில் போடுங்கள், நேரம் மாறினால் எது பழைய அட்டை என்று பார்க்கிறவருக்குத் தெரியும்.